ஸராந்தா என்றால் நாற்பது

"பேப்பரெல்லாம் கிரீஸுக்குப் போய்ட்டு வரணும். ரெண்டு மாசம் ஆகும்ப்பா" என்றார் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் குமாஸ்தா. மாட்டுங்காவிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகிறவர். தமிழில் பேச ஒரு ஆள் கிடைத்ததில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. "அதுவரைக்கும் நாங்க ஒண்ணும் எழுதறதுக்கில்லே. அவனும் தாராவி, நீயும் தாராவி. நீயே அவா வீட்ல போய்ப் பக்குவமா சொல்லிடேன்."

சந்தியாகு சரியென்று தலையாட்டினான். சயான் ஸ்டேஷனில் இறங்கி, தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடைக்குள் நுழைந்தபோது சொல்ல வேண்டியது அவன் வாயில் தயாராக இருந்தது. 'மைனி, சேசுராஜண்ணன் செத்துப்போனாவ.' அவ்வளவுதான். ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அதையே உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தான்.

அன்று 1965 மே மாதம் பத்தாம் தேதி. சேசுராஜ் இறந்தது ஏப்ரல் முப்பது. செங்கடலில் போய்க்கொண்டிருந்த ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் நீராவிக் குழாய் வெடித்தது. மறுநாள் பகலில் உடலைக் கான்வாஸில் வைத்துத் தைத்து, கால்மாட்டில் இரும்பைக் கட்டி, கடலில் இறக்கிவிட்டார்கள். அந்தக் கப்பலில் தமிழர்கள் இரண்டே பேர். ஒருவன் கடலுக்குள் போய்விட்டான். மற்றவன் இப்போது அவன் வீட்டுச் சந்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தான்.

குழாயடியில் கவிழ்த்துப் போட்ட டிரம்மின்மேல் ரோஸி உட்கார்ந்திருந்தாள். சேசுராஜின் மூத்த பெண், எட்டு வயது. அவனைக் கண்டதும் துள்ளி இறங்கி, வணக்கம் சொல்வதற்குப் பதிலாக ஒரே மூச்சில் கத்தினாள்.

"ஏனா, தியோ, த்ரியா, தெஸெரா, பெந்தே!"

சந்தியாகு நின்றுவிட்டான். கப்பலில் பீப்பாய் எண்ணும்போதும், கயிறு இழுக்கும்போதும் கேட்கும் எண்கள் அவை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

"அப்பா போன லீவுல அஞ்சு வரைக்கும் சொல்லித் தந்தாவ. மீதிய அடுத்த தடவ வந்து சொல்றேன்னாவ. ஆறுக்கு என்ன சித்தப்பா?"

அதற்குள் ஏஞ்சலம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். சின்னவன் அருள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான். அவள் முகம் முதலில் சந்தியாகுவைப் பார்த்து மலர்ந்தது. பிறகு அவன் முதுகுக்குப் பின்னால் சந்தின் முனைவரைக்கும் தேடியது.

"வாய்யா சந்தியாகு. நீ மட்டுந்தானா? அவுக எங்க?"

வாக்கியம் வாயில்தான் இருந்தது. ரோஸி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஆறு, சித்தப்பா!"

"எக்ஸி" என்றான் அவளிடம். பிறகு ஏஞ்சலம்மாளின் முகத்தைப் பார்க்காமல், "அண்ணன வேற கப்பலுக்கு மாத்திட்டாவ மைனி. பொறத்தால வருவாவ" என்றான்.

"மழைக்கு முன்னால வந்துருவாவளா? மேல தகரம் பூரா ஓட்டையா கெடக்கு."

அதற்கும் தலையாட்டினான். "ஏழு?" என்றாள் ரோஸி. "எஃப்தா" என்றான்.

அன்று ராத்திரி அவனுக்குக் கப்பல் சமையற்காரர் மனோலிஸ் சொன்னது ஞாபகம் வந்தது. அறுபதைத் தாண்டிய கிழவர், சைகையும் துண்டு இங்கிலீஷுமாகப் பேசுவார். சேசுராஜைக் கடலில் விட்ட பிறகு, மூன்றாம் நாள் கோதுமையை வேகவைத்து, சர்க்கரை தூவி, ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தார். எல்லோரும் ஆளுக்கொரு பிடி தின்றார்கள். எங்கள் ஊரில் செத்தவனுக்கு இதுதான், என்றார். மூன்றாம் நாள், ஒன்பதாம் நாள், நாற்பதாம் நாள். அதுவரை உயிர் வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். நாற்பதில் புறப்பட்டுவிடும்.

நாற்பதாம் நாள் சொல்லிவிடலாம் என்று சந்தியாகு முடிவு செய்தான். அது ஜூன் எட்டாம் தேதி வந்தது. அதற்குள் ரோஸிக்கு நாற்பதுவரை சொல்லிக்கொடுத்துவிட வேண்டியது. தினமும் ஒரு எண், ஞாயிற்றுக்கிழமை இரண்டு. கணக்குச் சரியாகப் பொருந்தியதும், அதுவே தீர்மானம் என்பதுபோல அவனுக்குத் தூக்கம் வந்தது.

ரோஸி தனியாக உட்காரவில்லை. எதிர்வீட்டுச் சாயிரா வந்தாள். இரண்டு நாளில் சந்துக் குழந்தைகள் எல்லாம் டிரம்மைச் சுற்றிக் கூடிவிட்டன.

"எஃப்தாவா? ஏழு நாளைக்கு ஹஃப்தாங்கோமே, அதே மாதிரில்லா இருக்கு!" என்றாள் சாயிரா. அவளுடைய வாப்பா தோல் ஷெட்டில் ஹஃப்தாக் கூலி வாங்குகிறவர். ஒன்பதுக்கு 'என்னியா' என்று சந்தியாகு சொன்ன அன்று பாடமே நடக்கவில்லை. அருள் வருகிற போகிறவர்களையெல்லாம் பார்த்து "என்னியா! என்னியா!" என்று கூப்பிட்டு இரண்டு பேரிடம் குட்டு வாங்கினான்.

வெறும் எண்ணை மட்டும் எத்தனை நாள் சொல்வது? சந்தியாகு ஒவ்வொரு எண்ணுக்கும் அந்த நாட்டுக்காரர்களைப் பற்றி ஏதாவது சொன்னான். கண் பட்டுவிட்டால் அவர்களும் மூன்று தடவை 'ஃப்தூ, ஃப்தூ, ஃப்தூ' என்று துப்புவார்கள் என்றபோது, "எங்கம்மாவும் அப்படித்தான் துப்புவா" என்று நாலைந்து குரல்கள் எழுந்தன. மனோலிஸ் அவனுக்குக் கொடுத்திருந்த மணிமாலையை எடுத்துக் காட்டினான். கொம்பொலோய் என்று பெயர். ஏஞ்சலம்மாள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன செபமாலை இது? சிலுவையக் காணோம்?"

"செபத்துக்கு இல்ல மைனி. சும்மா உருட்டுறதுக்கு."

"சும்மா உருட்டுறதுக்கா? அவ்வளவு சும்மாவா இருக்காவ அந்த ஊர் ஆம்பளைய?" என்று சிரித்தாள். அவள் சிரித்தபோது சந்தியாகுவும் சிரித்தான். பிறகு தன் வாயைத் தானே துடைத்துக்கொண்டான்.

அவர்களுடைய ஈஸ்டர் நம்முடையதற்கு ஒரு வாரம் கழித்து வந்தது என்றும், முட்டையை அவித்துச் சிவப்புச் சாயம் போட்டு ஒன்றோடொன்று மோதி உடைப்பார்கள் என்றும் சொன்னான். யாருடைய முட்டை உடையவில்லையோ அவர்களுக்கு வருஷம் முழுவதும் நல்ல காலம். அதைச் செய்தே பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். முட்டைகளுக்குச் சாயம் போட்டு மோதியதில் ரோஸியின் முட்டை கடைசிவரை உடையவில்லை. அப்பா வந்த பிறகு அவரோடு மோதுவதற்காக அதை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தாள். மே மாதத்து வெக்கையில் அரிசி முழுவதும் நாறிய பிறகுதான் ஏஞ்சலம்மாளுக்கு விஷயம் தெரிந்தது. அவள் அதைச் சாக்கடையில் எறிந்தாள். ரோஸி இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

ஒரு நாள் சாயிரா கேட்டாள். "அவுகளுக்குப் பொறந்த நாளெல்லாம் உண்டுமா?"

"பொறந்த நாளப் பெருசா வைக்க மாட்டாவ. எந்தப் புனிதரோட பேரு வச்சிருக்காவளோ, அந்தப் புனிதர் திருநாள்தான் விசேஷம்."

"ஒங்க திருநாளுக்கு அவுக என்ன செஞ்சாவ சித்தப்பா?" என்றாள் ரோஸி.

"இன்னைக்குப் போதும்" என்று எழுந்துவிட்டான் சந்தியாகு.

அவர்கள் செய்தது இதுதான். ஏப்ரல் முப்பதாம் தேதி காலையில் மனோலிஸ் சமையலறைக் காலண்டரைக் காட்டி, அவன் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். யாக்கோவோஸ்! இன்று உன் நாள்! சந்தியாகப்பருக்கு அவர்கள் மொழியில் யாக்கோவோஸ் என்று பேர். அவர்கள் முறைப்படி அவருடைய திருநாள் அன்றுதான். நம் கோயிலில் சந்தியாகப்பர் திருநாள் ஜூலை இருபத்தைந்து. சந்தியாகுவுக்கு அது நன்றாகவே தெரியும். சின்ன வயதிலிருந்து அந்த நாளில் கொடியேற்றமும் சப்பரமும் பார்த்து வளர்ந்தவன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு வருஷக் கப்பல் வாழ்க்கையில் அன்றுதான் முதல்முதலாக எல்லோரும் அவன் பெயரைச் சொல்லிக் கை கொடுத்தார்கள். ஆட்டுக்கறி அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. பாட்டிலும் திறந்தாகிவிட்டது.

மத்தியானம் எஞ்சின் அறையில் அவனுக்கு டூட்டி. அப்போதுதான் சேசுராஜ் அருகில் வந்து சொன்னான். "ஏல, நீ இருந்து தின்னு. ஒன் டூட்டிய நான் பாத்துக்கிடுதேன். இன்னைக்கு வெள்ளிக்கெழம. எப்படியும் நான் கறி தொட மாட்டேன். இங்க உக்காந்து வாய் பாக்கதுக்குக் கீழ போனாலாவது நேரம் போகும்."

வெள்ளிக்கிழமை கறி தின்னக் கூடாது என்பது சந்தியாகுவுக்கும் உள்ள கோயில் சட்டம்தான். சேசுராஜ் இறங்கிப் போனான். சந்தியாகு தின்றான். இரண்டாம் தடவை தட்டை நீட்டியபோதுதான் கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது.

மே மாதக் கடைசியில் எண்கள் முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தன. ஒரு சாயங்காலம் சந்தியாகு வந்தபோது ஏஞ்சலம்மாளின் வீட்டு வாசலில் கோயில் சிஸ்டர் ஒருவர் நின்றிருந்தார். செம்பூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை காலியாக இருக்கிறது, நாளைக்கே வந்து சேர வேண்டும் என்றார். ஏஞ்சலம்மாள் யோசித்தாள். ராத்திரி டூட்டியும் உண்டாம். பிள்ளைகளை யார் பார்ப்பது? சாயிராவின் அம்மா பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அப்படியும் ஏஞ்சலம்மாள் சந்தியாகுவின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு தம்பி. அவுக வந்து நான் வேலைக்குப் போறதப் பாத்தா என்ன சொல்லுவாவ?"

அவன் டிரம்மின்மேல் உட்கார்ந்திருந்தான். கையில் கொம்பொலோய் இருந்தது. மணிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அந்த இடத்திலேயே சொல்லியிருந்தால் அவளுக்கு அந்த வேலையாவது மிஞ்சியிருக்கும். ஆனால் நாற்பதாம் நாள் இன்னும் வரவில்லை. அவன் போட்ட கணக்கே அவனைப் பிடித்து உட்கார வைத்திருந்தது.

"எனக்கென்ன தெரியும் மைனி. அண்ணன் வரட்டும், கேட்டுக்கலாம்."

"அதுவுஞ்சரிதான்" என்றாள். சிஸ்டர் அந்த வேலையை வடாலாவில் வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தார்.

ஜூன் பிறந்ததும் சந்து முழுவதும் ஏணிகள் முளைத்தன. ஆண்கள் தகரத்தின்மேல் தார்ப்பாய் விரித்துச் செங்கல் வைத்தார்கள். சந்தியாகுவும் ஒரு ஏணியைக் கடன் வாங்கிக்கொண்டு வந்தான். ஏஞ்சலம்மாள் வேண்டாம் என்றுவிட்டாள். "அது அவுக வேல. மத்தவங்க வச்சா ஒழுகுதும்பாவ. போன வருசமும் அப்படித்தான் சண்ட."

ஜூன் எட்டு செவ்வாய்க்கிழமை. மனோலிஸின் ஊரில் செவ்வாய்க்கிழமை எந்தக் காரியத்தையும் தொடங்க மாட்டார்கள். சந்தியாகுவுக்கு அது காலையிலேயே ஞாபகம் வந்தது. இன்னும் ஒரு நாள் தள்ளிப்போட அது போதுமான காரணம்தான். சட்டையை மாட்டிக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனான்.

"முழுக் கோதுமையா?" என்றார் கணேசபாண்டியன் அண்ணாச்சி. "ஊரே மாவாக்கிச் சப்பாத்தி சுடுது. நீ என்ன, சுண்டல் வைக்கப் போறியா?"

"கிரேக்கப் பலகாரம், அண்ணாச்சி."

"கப்பல் ஏறினவனுக்கெல்லாம் நாக்கு நீண்டு போயிருது, என்ன?" என்று கேலி செய்துகொண்டே கோதுமையை நிறுத்துப் போட்டார். கூடவே கொஞ்சம் சர்க்கரையும் காய்ந்த திராட்சையும் வாங்கிக்கொண்டான்.

ஏஞ்சலம்மாளே அதை வேகவைத்தாள். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் என்று கேட்டுக் கேட்டுச் செய்தாள். "படிச்சு வச்சுக்கிட்டா அவுக வந்ததும் ஒரு நாள் செஞ்சு குடுக்கலாம்" என்றாள். ஆறிய கோதுமையைத் தட்டில் கொட்டிப் பரப்பி, சர்க்கரை தூவினாள். சந்தியாகு அதன்மேல் திராட்சையால் ஒரு சிலுவை வைத்தான். மனோலிஸ் வைத்தது போலவே வைத்தான்.

வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. புழுக்கம் தாங்கவில்லை. பிள்ளைகள் வாசலில் வட்டமாக உட்கார்ந்து தொடங்கினார்கள். ஏனா, தியோ, த்ரியா. ரோஸி முன்னால் சொன்னாள். மற்றவர்கள் பின்னால் சொன்னார்கள். என்னியாவுக்கு வழக்கம்போல அருள் சிரித்தான். தேக்கா, பத்து. ஈக்கோஸி, இருபது. த்ரியாந்தா, முப்பது. முப்பதுக்கு மேல் சாயிரா இரண்டு இடத்தில் தடுமாறினாள். ரோஸி தடுமாறவே இல்லை.

"ஸராந்தா!" என்று எல்லோரும் கத்திக் கைதட்டினார்கள். பக்கத்து வீட்டுக் கோழி பயந்து பறந்தது.

ஏஞ்சலம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "வாயெல்லாம் வத்திப்போயிருக்கும். தின்னுங்க. ஏன் சந்தியாகு, இத அவுக எப்பச் செய்வாவ? கிறிஸ்துமஸுக்கா?"

"இல்ல மைனி. யாராவது செத்து நாப்பதாம் நாள் செய்வாவ."

நீட்டிய அவள் கை அப்படியே நின்றது. "சீ! அதப் போயா பிள்ளையளுக்குச் செய்யச் சொன்ன?" என்றாள். பிறகு மேற்கொண்டு ஏதோ திட்ட வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னைக்கு யாருக்கு நாப்பது?"

ரயிலில் பழகிய வாக்கியம் அவனுக்கு வரவே இல்லை. "அண்ணனுக்கு" என்றான்.

அவள் அழுவாள், அடிப்பாள், தட்டை எறிவாள் என்று அவன் நினைத்திருந்தான். அவள் வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். எப்படி என்று கேட்டாள். சொன்னான். எங்கே என்று கேட்டாள். சொன்னான். எந்தக் கிழமை என்று கேட்டாள்.

"வெள்ளிக்கெழம."

"கறி தின்னாவளா?"

"தின்னல மைனி. தொடல. அதனாலதான் எறங்கிப் போனாவ. அது என் டூட்டி. அன்னைக்கு என் பேர்த் திருநாள்னு கப்பல்ல சாப்பாடு போட்டாவ. அண்ணன் என்ன இருந்து தின்னுன்னுட்டு..."

ஏஞ்சலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒன் திருநாள் ஆடியிலல்லா வரும், சந்தியாகு?"

கப்பலில் இருந்த கிரேக்கர்கள் யாருக்கும் அது தெரியாது. கடலில் கிடக்கும் சேசுராஜுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் சிரித்துக்கொண்டு விட்டிருப்பான். அந்தச் சந்திலேயே அதைக் கேட்கக்கூடியவள் இவள் ஒருத்திதான்.

"செம்பூர் வேலைய நான் வேண்டாம்னு சொல்லும்போது நீ அந்த டிரம்முலதான உக்காந்திருந்த?" என்றாள். குரல் உயரவில்லை.

ரோஸி அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு புரிந்ததோ, அவள் முகம் கல்லாக இருந்தது. அருள் மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பசி.

"இதத் தின்னா அவுகளுக்குச் சேருமா?" என்று ஏஞ்சலம்மாள் கேட்டாள்.

"அவங்க வழக்கம் அப்படி."

அவள் ஒரு பிடி எடுத்து அருளின் வாயில் வைத்தாள். பிறகு ரோஸிக்கு. பிறகு சாயிராவுக்கும், எழுந்து ஓடவும் தெரியாமல் உட்கார்ந்திருந்த மற்ற பிள்ளைகளுக்கும் கையில் கையில் வைத்தாள். தானும் ஒரு வாய் மென்றாள். அது அவளுக்கு உள்ளே இறங்க வெகு நேரம் ஆனது. வரிசை முடிந்தபோது சந்தியாகுவும் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டான்.

"ஒனக்கு இல்ல" என்றாள். "நீ அன்னைக்கே தின்னுட்ட."

தட்டோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதன் பிறகுதான் அவள் அழும் சத்தம் கேட்டது. சந்தே அந்தக் கதவின் முன் கூடியபோது சந்தியாகு சாக்கடை ஓரமாக நடந்து வெளியேறினான்.

மழை மறுநாளே இறங்கியது. விடியற்காலையில் ஏஞ்சலம்மாள் ஏணியில் ஏறி நின்று தகரத்தின் ஓட்டைகளின்மேல் சாக்கை விரித்துக்கொண்டிருந்தாள். ரோஸி கீழேயிருந்து செங்கல் எடுத்துக் கொடுத்தாள். சந்து முனையில் நனைந்துகொண்டு நின்ற சந்தியாகுவை இருவரும் பார்த்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

அவன் மறுபடி கப்பல் ஏறவில்லை. தோல் ஷெட்டில் சேர்ந்தான். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிய தோலிலிருந்து மயிரைச் சுரண்டுகிற வேலை. ஏஞ்சலம்மாள் மான்குர்துக்குப் போய் வீட்டு வேலை செய்தாள். கப்பல் கம்பெனியின் காகிதம் மழைக்காலம் முடிந்த பிறகு வந்தது. ஜூலை இருபத்தைந்தாம் தேதி கோயிலில் சந்தியாகப்பருக்குப் பூசை நடந்தபோது, சந்தியாகு ஷெட்டில் இருந்தான். அந்த வருஷம் மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அந்த நாளில் அவனைக் கோயிலில் யாரும் பார்த்ததில்லை.

சந்துப் பிள்ளைகள் அந்த எண்களை விடவில்லை. ஷெட்டின் பின்சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒளிந்து விளையாட அதிலேதான் எண்ணினார்கள். தகரத்துக்கு இந்தப் பக்கம் குனிந்து சுரண்டிக்கொண்டிருக்கும் சந்தியாகுவுக்கு ஒவ்வொரு குரலும் யாருடையது என்று தெரியும். சாயிரா நாற்பது வரைக்கும் தடுமாறாமல் போவாள். அருள் என்னியாவில் சிரிப்பான். ரோஸியின் முறை வரும்போது மட்டும் அவன் கத்தி நின்றுவிடும்.

ஏனா, தியோ, த்ரியா, தெஸெரா, பெந்தே.

அதோடு நிறுத்திக்கொண்டு அவள் தேடப் போய்விடுவாள். அஞ்சுக்குள்ள எப்படி ஒளியிறது, இது கள்ள ஆட்டம் என்று மற்றவர்கள் சண்டை பிடிப்பார்கள். எத்தனை சண்டை பிடித்தாலும் அப்பா சொல்லித் தந்ததற்கு மேல் ஒரு எண்கூட அவள் சொல்ல மாட்டாள்.